அம்மாவின் குழுக் கணக்கு ரெஸ்யூமில் எங்கே?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல், தமிழ்வழி, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிஜிபிஏ 7.4. முதல் ஆண்டில் புள்ளியியலில் ஒரு அரியர் விழுந்தது, அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிட்டேன். கோடை விடுமுறையில் வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி, பொருளாதார ஆய்வு நிறுவனம் என ஏதாவது ஒன்றில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. நெட்டில் கிடைத்த மாடலைப் பார்த்து ரெஸ்யூம் தயாரித்து 43 இடங்களுக்கு மெயில் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. எனக்கு அனுபவம் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அம்மாவின் மகளிர் குழுவுக்கு நோட்டு எழுதிக் கொடுப்பது, கல்லூரியில் ஜிஎஸ்டி பற்றி ஒரு புராஜெக்ட் செய்தது, இவ்வளவுதான் நான் செய்தது. பணம் கட்டி ஏதாவது ஆன்லைன் கோர்ஸில் சேரட்டுமா? தமிழ்வழி என்பதை ரெஸ்யூமில் மறைத்துவிடலாமா? ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் ரெஸ்யூமை முழுக்கப் படித்தேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் புகைப்படம், அப்பா பெயர், மதம், திருமண நிலை. அதற்குக் கீழே "சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்" என்று ஒரு குறிக்கோள். கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. நடுவில் பள்ளி மதிப்பெண்கள், பேச்சுப் போட்டிச் சான்றிதழ்கள், பொழுதுபோக்குகள். மகளிர் குழு எங்கேயும் இல்லை. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரியைப் பார்த்ததால்தான் உங்களுக்குத் திரும்ப எழுதி விவரம் கேட்டேன்.

நான் பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை இன்டர்ன்ஷிப் கேட்டு மாணவர்கள் அனுப்பும் ரெஸ்யூம்கள் என் மேசைக்கு வரும். முதல் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த அரை நிமிடத்தில் நான் தேடுவது இதுதான்: இந்தப் பிள்ளை எண்களோடு புழங்கியிருக்கிறதா? அந்த எண்கள் தப்பினால் யாருக்காவது நட்டம் வந்திருக்குமா? வகுப்பில் போட்ட கணக்கு தப்பினால் மதிப்பெண்தான் போகும். குழுக் கணக்கு தப்பினால் பக்கத்து வீட்டு அக்காவின் பணம் போகும். மூன்று ஆண்டுக்கு மேல் அப்படி ஒரு பொறுப்பைச் சுமந்துவிட்டு "எந்த அனுபவமும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் பதிலில் இருந்ததை இங்கே மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன். குழுவில் 16 பேர். மாதம் ஆளுக்கு 300 ரூபாய் சேமிப்பு, ஆக 4,800. அதிலிருந்து உள்கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. வங்கியில் 6 லட்சம் ரூபாய் கடன் ஓடுகிறது. பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்து ரொக்கப் புத்தகம், ஒவ்வொருவருக்கும் லெட்ஜர், தீர்மானப் புத்தகம் எல்லாம் உங்கள் கையெழுத்தில்தான். ஒருமுறை 1,200 ரூபாய் கணக்கு உதைத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்ததில் ஒருவரின் தவணை இரண்டு இடத்தில் வரவாகியிருந்தது தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ரசீது எண் எழுத ஆரம்பித்தீர்கள்.

இதற்கு அலுவலகத்தில் பெயர் உண்டு. புத்தகத்தையும் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்ப்பது வங்கி ரீகன்சிலியேஷன். ரசீது எண் போட ஆரம்பித்தது உள்கட்டுப்பாடு. பட்டம் வாங்கி வருகிற பலருக்கு இந்த இரண்டு சொல்லும் தெரியும், கையால் செய்தது கிடையாது. உங்கள் நிலைமை அப்படியே தலைகீழ். அதைச் சரிசெய்வது சுலபம்.

ரெஸ்யூமில் கல்விக்கு அடுத்து, முதல் அனுபவமாக இதை வையுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், ஆனால் விஷயம் இப்படி இருக்கட்டும்: "கணக்குப் பராமரிப்பாளர், மகளிர் சுயஉதவிக் குழு, தென்காசி மாவட்டம். 16 உறுப்பினர்களின் சேமிப்பு, உள்கடன், 6 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் ஆகியவற்றுக்கு ரொக்கப் புத்தகமும் தனி லெட்ஜரும் எழுதுதல். மாதந்தோறும் வங்கிப் பாஸ்புக்குடன் ஒத்துப் பார்த்தல். 1,200 ரூபாய் இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்துத் திருத்தி, ரசீது எண் முறையைக் கொண்டுவந்தது." மூன்று வரி போதும். "நேர்மையாக", "கடின உழைப்புடன்" என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். 1,200 ரூபாய்க்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்தவர் எப்படிப்பட்டவர் என்று படிக்கிறவருக்கே புரியும்.

இந்த மூன்று வரியை எழுதினால் நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்குத் தயாராக வேண்டும். நான் கேட்டால் முதல் கேள்வி வட்டி பற்றியதாக இருக்கும். பத்தாயிரம் ரூபாய் கடன், மாதம் ஆயிரம் அசல் வீதம் பத்து மாதத்தில் திருப்பிக் கட்ட வேண்டும், ஒரு ரூபாய் வட்டி என்று வையுங்கள். கடைசி வரை பத்தாயிரத்துக்கே வட்டி போட்டால் மாதம் 100, மொத்தம் 1,000 ரூபாய். பாக்கி அசலுக்கு மட்டும் போட்டால் முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90, அப்புறம் 80 என்று இறங்கி மொத்தம் 550 ரூபாய்தான். இரண்டுக்கும் ஊரில் "ஒரு வட்டி" என்றுதான் பெயர். முதலாவதை நாங்கள் ஃபிளாட் ரேட் என்போம், இரண்டாவது குறையும் நிலுவை வட்டி. உங்கள் குழு எந்த முறையில் போடுகிறது, ஏன் அந்த முறை, யார் முடிவு செய்தார்கள்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மாணவியை நான் விடமாட்டேன்.

இரண்டாவது கேள்வி, தவணை தவறியவர்களைப் பற்றி. எங்கள் துறையில் தவணை தவறி 30 நாள் வரை ஒரு வகை, 31 முதல் 60 வரை அடுத்தது, 61 முதல் 90 வரை மூன்றாவது. எஸ்எம்ஏ, அதாவது சிறப்புக் கவனிப்புக் கணக்கு, பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று பெயர். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். உங்கள் லெட்ஜரை எடுத்து இந்தக் கணக்கில் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். யாராவது மூன்று மாதம் கட்டாமல் இருந்தபோது குழு என்ன செய்தது என்பதையும் யோசித்து வையுங்கள். கூட்டத்தில் பேசி, அவகாசம் கொடுத்து, மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டினார்களா? கடன் வசூல் பற்றிப் புத்தகத்தில் கிடைக்காத பாடம் அது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. 1992-ல் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. உங்கள் அம்மாவின் நோட்டு இந்த வரலாற்றில் ஒரு பக்கம் என்பது பொருளியல் மாணவியான உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, புராஜெக்டுக்கு வருவோம். "சிறு வணிகர்கள் மீது ஜிஎஸ்டியின் தாக்கம்" என்று தலைப்பை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதே தலைப்பு எனக்கு ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினைந்து ரெஸ்யூமில் வருகிறது. கேட்டபோது சங்கரன்கோவில் கடைத்தெருவில் 50 கடை ஏறி இறங்கியதாகச் சொன்னீர்கள். அதை எழுதுங்கள். எந்த மாதிரிக் கடைகள், எத்தனை கேள்விகள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், தாங்களே ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்கள் எத்தனை பேர், ஆள் வைத்துச் செய்பவர்கள் எத்தனை பேர். உங்கள் தாளில் இருக்கும் எண் எதுவோ அதை அப்படியே போடுங்கள். 50 கடை சின்ன மாதிரிதான், அதை வைத்துத் தமிழ்நாடு முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது. அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும். கம்போசிஷன் திட்டம் என்றால் என்ன, ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு வரை அதில் சேரலாம் என்று கேட்பார்கள். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டிவிடும் எளிய முறை அது. பொருள் விற்கும் கடைகளுக்குப் பொதுவாக 1.5 கோடி ரூபாய் வரை, வரி 1 சதவீதம். இதைச் சொல்லத் தெரியாமல் ஜிஎஸ்டி புராஜெக்டை ரெஸ்யூமில் வைத்திருப்பது ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் ரெஸ்யூமில் "நிறுவன மதிப்பீட்டு மாடல் செய்திருக்கிறேன்" என்று இருந்தது. எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர எந்த வட்டி விகிதம் எடுத்தீர்கள், ஏன் என்று கேட்டேன். பையன் வெலவெலத்துப் போனான். ஒரு வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டியிருக்கிறான். நல்ல பையன், மற்றதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னான். அந்த ஒரு வரியால் அவன் சொன்ன எல்லாவற்றின் மேலும் எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரெஸ்யூமில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும். முடியாததை எடுத்துவிடுங்கள்.

தமிழ்வழியை மறைக்கவே மறைக்காதீர்கள். பயிற்று மொழியைத் தனி வரியாகப் போட வேண்டிய அவசியம் இல்லை, கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். மொழிகள் என்ற இடத்தில் "தமிழ்: எழுத, படிக்க, கள ஆய்வு நடத்த" என்றே எழுதலாம். கிராமத்துக்குப் போய் ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கேட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஆய்வு நிறுவனங்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சிறுகடன் தரும் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கும் தெரியும். ஆங்கிலம் என்ன நிலையில் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். படிக்க வரும், மெயில் எழுத வரும், பேச்சில் தயக்கம் இருக்கிறது என்றால் அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். ஆனால் மூன்று மாதம் இருக்கிறது, தினம் ஒரு பொருளாதாரச் செய்தியை ஆங்கிலத்தில் சத்தமாகப் படித்துப் பழகுங்கள்.

மதிப்பெண் விஷயம் சிறியது. 7.4 என்றால் பத்துக்கு 7.4 என்று போடுங்கள், 7.5 ஆக்க வேண்டாம். அரியரை முடித்துவிட்டீர்கள், "நிலுவைத் தாள் இல்லை" என்றால் போதும். ஏன் விழுந்தது என்று யாராவது கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். எங்கள் துறையில் புள்ளியியல் தேவை, அதனால் அதை இப்போது எவ்வளவு கற்றிருக்கிறீர்கள் என்று காட்ட ஒரு சின்ன வேலை செய்து வைத்தால் நல்லது.

அந்த வேலை என்ன என்று சொல்கிறேன். எக்செல் தெரியும் என்று போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் போடுகிறார்கள். குழுவின் லெட்ஜர் முழுவதையும் எக்செல்லில் ஏற்றுங்கள், உறுப்பினர் பெயருக்குப் பதில் 1 முதல் 16 வரை எண் கொடுங்கள். பிவட் டேபிள் என்ற தொகுப்பு அட்டவணை போட்டு மாதவாரியாகச் சேமிப்பு, கடன், வட்டி வரவைத் தொகுத்துப் பாருங்கள். எக்ஸ்-லுக்கப் அல்லது வி-லுக்கப் என்ற தேடல் சூத்திரத்தை வைத்து யார் எத்தனை நாள் தாமதம் என்று எடுங்கள். ஒரு வரைபடம் போடுங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் கடன் கேட்பவர்கள் கூடுகிறார்களா? தீபாவளிக்கு முன்? இரண்டு பக்கத்தில் எழுதி வைத்தால், எந்தக் கோர்ஸ் சான்றிதழை விடவும் நான் அதைத்தான் முதலில் படிப்பேன். ஒன்று முக்கியம்: அம்மாவிடமும் குழுவிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு செய்யுங்கள். நோட்டைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. அடுத்தவர் கடன் விவரத்தைக் காப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம்.

பணம் கட்டிக் கோர்ஸ் சேர்வது பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வு ஒன்று இருக்கிறது, அதன் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்துகிறது, கட்டணம் கிடையாது. அதை எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் வங்கி, நிதி சார்ந்த பயிற்சி வந்தால் விடாதீர்கள். மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போக ஆசை வந்தால் பிறகு என்ஐஎஸ்எம்மின் 5-ஏ தேர்வுக்குக் கட்டணம் கட்டலாம், அதற்குத் துறையில் மதிப்பு உண்டு. "பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப், முடிவில் சான்றிதழ்" என்று வருகிற எதையும் தொடாதீர்கள். இன்னொன்றும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் இதில் மாட்டுகிறார்கள். "ஃபைனான்ஸ் இன்டர்ன்" என்று பெயர் வைத்துவிட்டு, சொந்தக்காரர்களைப் பங்கு வாங்கி வைப்பதற்கான டீமேட் கணக்கு திறக்க வைப்பது, பாலிசி பிடிப்பது, மாதம் இத்தனை என்று டார்கெட் கொடுப்பது. சேரும் முன் "தினமும் நான் செய்யப்போகும் வேலை என்ன, விற்பனை இலக்கு உண்டா" என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கே அனுப்புவது? ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சி முதுகலை மாணவர்களுக்கும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பிலோ மூன்றாண்டு சட்டப் படிப்பிலோ இருப்பவர்களுக்கும்தான். நபார்டின் திட்டத்தையும் எம்.ஏ. சேர்ந்த பிறகு பாருங்கள். நீங்கள் மெயில் போட்ட 43-ல் அந்த இரண்டும் இருந்தன. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் வந்தபோது 21 முதல் 24 வயது வரை, முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கு என்று விதி வைத்தார்கள், இப்போதைய விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கில் இளங்கலை மாணவர்கள் இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிய பிறகு விண்ணப்பிக்கலாம், ஆனால் பிளஸ் டூவில் 85 சதவீதம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10-ஆம் தேதி வரைதான் இணைப்பு திறந்திருக்கும், உதவித்தொகை கிடையாது.

எனக்குக் கேட்டால், முதல் இன்டர்ன்ஷிப்பைப் பக்கத்திலேயே தேடுங்கள் என்பேன். தென்காசியிலோ திருநெல்வேலியிலோ ஒரு ஆடிட்டர் அலுவலகம். மாதாந்தரம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு 11-ஆம் தேதி விற்பனை விவரத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்ட 3பி என்று ஓடுகிற இடத்தில் இரண்டு மாதம் இருந்தால் டேலி என்ற கணக்கு மென்பொருளும் கடைக்காரர்களின் உண்மையான பில்களும் கைக்குப் பழகும். உங்கள் புராஜெக்டை அங்கே காட்டினால் அவர்களுக்கும் பிடிக்கும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையகம் தூத்துக்குடியில் இருக்கிறது, தெற்கில் கிளைகள் நிறைய. உங்கள் குழு கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை மேலாளருக்கு உங்கள் கையெழுத்து ஏற்கெனவே தெரியும். அவரை ஏன் கேட்கவில்லை? மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு எழுதும் முன் ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளைப் படியுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆய்வு பக்கம் ஆசை என்றால் அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆசிரியர் யாராவது எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, அதைப் பற்றி எழுதிக் கேளுங்கள்.

இதனால் ரெஸ்யூம் இரண்டு வேண்டும். ஃபைனான்ஸுக்கு அனுப்புவதில் குழுக் கணக்கு மேலே, புராஜெக்ட் கீழே. ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்புவதில் 50 கடை ஆய்வு மேலே, குழுக் கணக்கு கீழே. இரண்டும் ஒரே ஒரு பக்கம். புகைப்படம், மதம், திருமண நிலை, குறிக்கோள், உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அரசு விண்ணப்பப் படிவம் கேட்டால் அங்கே தனியாகக் கொடுக்கலாம். பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் வாங்கிய பரிசு ஒன்று இருக்கட்டும், மற்றவை வேண்டாம். பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று வந்திருக்கிறது.

43 இடத்துக்கும் ஒரே மெயிலில், எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பியிருக்கிறீர்கள். பதில் வராததற்கு அதுவே போதும். மனதைத் தேற்றிக்கொண்டு, இனி ஒரு நாளைக்கு இரண்டு மெயில். ஆறு வரிக்குள் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், அந்த நிறுவனத்தில் எந்த வேலையைப் பார்த்து எழுதுகிறீர்கள், உங்கள் குழுக் கணக்கு பற்றி ஒரு வரி, நன்றி. பத்து நாள் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஏப்ரலில் சேர வேண்டும் என்றால் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் புதிதாக எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். குழுக் கணக்குக்கு எதிரே "2022 முதல்" என்று சுமாராகப் போட வேண்டாம். பழைய ரொக்கப் புத்தகத்தை எடுத்து, உங்கள் கையெழுத்து தொடங்கும் பக்கத்தில் என்ன தேதி இருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.